இழையக்காவின் வாட்ச் செயின்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கென்று ஒரு பதவிப் பெயர் உண்டு. நீளமானது, வாயில் நுழையாது, யாரும் சொல்வதுமில்லை. தொழுநோயாளிகளின் உள்ளங்கையில் நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று குறித்து வைப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் இழையக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை.

தொழுநோய்க் கிருமி இருக்கிறதே, அது சோம்பேறிகளுக்கெல்லாம் தலைவன். மற்ற கிருமிகள் அரைமணி நேரத்தில் இரண்டாகிவிடும். இது இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவையில் வளர்க்கலாம் என்றால் இன்றுவரை யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. மாத்திரைக்கு மட்டும் செத்துவிடும். செத்த பிறகாவது சும்மா கிடக்குமா? நரம்புக்குள் கிடக்கும் அதன் மிச்சத்தோடு உடம்பு மல்லுக்கு நிற்கும். அந்தச் சண்டையில் நரம்பு நாசமாகும். அது யாருக்கு, எந்த மாதத்தில் நடக்கிறது என்பதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வரும். அதற்கு மேல் போனால் போனதுதான். கண்டுபிடிக்க வேண்டியவள் இழையக்கா.

அவளிடம் மாதாமாதம் வந்தவர்களில் வாட்ச்காரர்தான் அவளுக்குச் செல்லப்பிள்ளை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடையில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர். கண்ணை மூடிக்கொண்டு, துண்டின் மேல் கையை மலர்த்தி வைப்பார். இழை தோலில் பட்டு வளைந்ததோ இல்லையோ, “ம்” என்பார். ஒருமுறைகூடத் தப்பாது.

“உங்க கை மாதிரி எல்லார் கையும் இருந்தா, நான் மத்தியானமே வீட்டுக்குப் போயிடுவேன்” என்பாள்.

இப்படிச் சோதிப்பதற்கு ஒரு விதி இருந்தது. நடுநடுவே இழையைத் தோல்வரை கொண்டுபோய், தொடாமலே எடுத்துவிட வேண்டும். அப்போதும் “ம்” என்று சொன்னால் ஆள் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். முதல் மாதம் அவள் அதைச் செய்தாள். பிறகு விட்டுவிட்டாள். வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருக்க, தப்பே செய்யாத மனிதரிடம் என்ன வேவு பார்ப்பது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். வேலையில் பழகிப்போன எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

அவள் மணிக்கட்டில், கணவன் வாங்கிக் கொடுத்த வாட்ச். எஃகுச் செயின், இரண்டு கண்ணி அதிகம். கையை அசைத்தால் லொடலொட என்று ஆடும்.

“இதைக் கொஞ்சம் இறுக்கிக் குடுங்களேன்” என்று ஒவ்வொரு மாதமும் கேட்பாள். அவரும் ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்கு வைத்திருப்பார். ஊசி கொண்டு வரலை. கண்ணாடி உடைஞ்சு போச்சு. இந்த மாடலுக்குத் தளர்வாப் போட்டாத்தான் அழகு.

“உங்களை நம்பி வாட்ச் குடுக்குறவங்க கதி என்ன ஆகுறது?” என்று அவள் சிரிப்பாள். ஒருமுறை ஆள்காட்டி விரலில் கொப்புளத்தோடு வந்தார். மேசை விளக்குப் பட்டுவிட்டது என்றார். விளக்குச் சூடு சுட்டால் கையை எடுக்கமாட்டாரா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணியையும் கழற்றிவிட்டான். “அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கா பத்து மாசமா ஒருத்தரைக் கெஞ்சிட்டிருந்தே?”

அடுத்த முறை வாட்ச்காரர் வந்து கண்ணை மூடினார். அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டாள். பதில் இல்லை. கட்டைவிரலைத் தொட்டாள். இல்லை. தடித்த இழையை எடுத்து அழுத்தினாள். அவர் முகம் எதையோ உற்றுக் கேட்பதுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. வாட்சைக் கழற்றி, கைக்குப் பக்கத்தில் லேசாகக் குலுக்கினாள்.

“ம்” என்றார் வாட்ச்காரர்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

“எப்போலேர்ந்து?” என்றாள்.

“மூணாவது மாசம்.”

எட்டு மாதம். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“ஏங்க சொல்லல?”

“சொன்னா வார்டுல படுக்க வெச்சு கையைக் கட்டிருவீங்க. பெஞ்சுல எம்பக்கத்துல உக்காருவாரே, அவரை வெச்சீங்கல்ல? மரத்துப்போன கைன்னு தெரிஞ்சா என்கிட்ட எவன் வாட்ச் குடுப்பான்?” கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். “அப்புறம்… உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. இவன் பொழச்சுப் போகட்டும்னு எனக்காகத்தான் சத்தம் குடுக்குறீங்கன்னு நெனச்சேன்.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த மனிதர் எட்டு மாதமாக அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரிய டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். “தொடாம எடுத்துப் பாத்தீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “முதல் மாசம் மட்டும், சார்.” அவர் கத்தவில்லை. வாட்ச்காரரின் பதிவேட்டில் முதல் மாதத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அன்றைக்கே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம் என்று அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் வாட்ச்காரர் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் மாதம் வந்தபோது அவள் வாட்சைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். மின்விசிறியை நிறுத்தினாள். அவர் கண்ணை மூடி, கையை மலர்த்தினார். இந்த முறை ஏமாற்றக் கூடாது என்று வந்திருப்பது முகத்திலேயே தெரிந்தது. மெல்லிய இழையில் தொடங்கினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பிறகு அதற்கடுத்த இழை, அதற்கடுத்தது. கடைசியாக, பெட்டியிலேயே தடித்த இழை. ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை. எல்லாம் முடித்து, இழைகளைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கையை அசைக்காமல், குழந்தை மாதிரி பொறுமையாகக் காத்திருந்தார்.

“நான் ரெடிக்கா” என்றார். “ஆரம்பிங்க.”