தறிக்குழி மூடி

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் உட்கார்ந்து, குழிக்குள் கால் விட்டு மிதிகளை அழுத்தி நெய்ய வேண்டும். கோடையில் பட்டு இழை காய்ந்து அறுந்துபோகாமல் இருக்க, குழிக்குள் அண்டாவில் தண்ணீர் வைப்போம்.

மகள் அபிதா தவழத் தொடங்கியபோது, என் மனைவி பானுப்ரியா அந்தக் குழிக்கு மூடி செய்யச் சொன்னாள். தச்சர் சக்கரவர்த்தி கனமான பலகையோடு வந்தார்.

"இது வேணாங்க. லேசா செய்ங்க."

"லேசா இருந்தா கொழந்த தூக்கிடும்மா."

"தூக்கட்டும். இடுப்புல புள்ளய வச்சிகினு நான் ஒத்தக் கையால தூக்கணும். ஓரத்துல ஒரு மணி கட்டுங்க. அது தூக்குனா எனக்குக் கேக்கும்."

"மூடி கேக்கிறியா, கோயிலு கேக்கிறியா?"

சிரித்துக்கொண்டேதான் செய்து கொடுத்தார்.

மதியம் நான் எழுந்து மூடியைச் சாத்துவேன். மணி ஒலிக்கும். உடனே அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம் வரும். சாப்பிட வாருங்கள் என்று பானு கூப்பிட்டதே இல்லை. அபிதா நடக்கத் தொடங்கிய பின் அவளும் மூடியைத் தூக்குவாள். மணி அடித்ததும் பானு கரண்டியோடு ஓடி வருவாள். அபிதாவுக்கு அது விளையாட்டு.

தொண்ணூற்றெட்டு மாசியில் பானு மூளைக்காய்ச்சலில் இறந்தாள். போளூரிலிருந்து அக்கா குணசுந்தரி வந்து எங்களோடு தங்கினாள்.

"டேய் வேலு, இன்னாடா இது? எழவு வூட்ல மணி அடிச்சிகினு. வருஷம் திரும்பறவரைக்கும் பூஜ மணியே தொடாம இருக்கறோம்."

அவளே அதை அவிழ்த்துப் பரண்மேல் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி மட்டும் அதே லேசான மூடி.

சித்திரையில் ஒரு மதியம், அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மூடியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்தேன். தட்டுச் சத்தம் இல்லாத அடுப்படி. பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. மணி கேட்கவில்லை என்றால் குழந்தை பத்திரம். அது என் காதுக்குப் பழகிப்போன கணக்கு.

பாலை இறக்கும்போதுதான் உறைத்தது. மணி பரண்மேல் இருக்கிறது.

தறியறையில் அபிதா இல்லை. மூடி சாத்தியிருந்தது. தூக்கினேன். ஒரு சத்தமும் இல்லாமல் கையோடு வந்தது.

குழிக்குள் மிதிமேல் நின்றிருந்தாள். அவள் இறங்கியதும் மூடி தானே மேலே விழுந்து சாத்திக்கொண்டிருக்கிறது. கைகள் அண்டாவின் விளிம்பில். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கிலிருந்தும். இருமினாள்.

"மணி உள்ள வுழுந்துச்சா நைனா? தண்ணிக்குள்ள தேடுனேன். இல்ல."

"மணி எதுக்கு?"

"அம்மாவக் கூப்பட்றதுக்கு."

தூக்கித் துடைத்தேன். அண்டாவைக் கவிழ்த்தேன். பரணில் ஏறி மணியை எடுத்தேன். நான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"எழவு வூடுடா இது."

"இருக்கட்டும்."

கை எடுப்பதற்குள் அபிதா மூடியைத் தூக்கினாள். மணி அடித்தது. பக்கத்திலேயே நான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலைப் பார்த்தாள். சாத்தினாள். மறுபடியும் தூக்கினாள்.