கெடா விருந்துக்கு நர்மதா வந்தாள்

செவ்வாய்க்கிழமையோடு வசந்தாமணிக்குக் கரண்ட் வைப்பது முடிந்தது. மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், எட்டு கீமோ ஊசி, கரண்ட் என்று எல்லாரும் சொல்லும் கதிர்வீச்சு இருபத்தைந்து நாள். "இனி மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் புருஷன் நந்தகுமார் போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மோகனூர் காவிரிக்கரையில் கெடா விருந்து என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க, எதுக்கு இதெல்லாம்? இன்னும் ஸ்கேன் இருக்குதுங்க."

"அது வாரப்பப் பாத்துக்கலாம். ஒரு வருசமா நம்மூட்டுல யாரும் சிரிச்சுச் சாப்படல, மணி."

அவன் அடுத்த நம்பரை அழுத்தினான்.

அவளை உறுத்தியது ஸ்கேன் மட்டுமல்ல. கரண்ட் அறைக்கு வெளியே தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அயோத்தியாப்பட்டணத்து நர்மதா. முப்பதுகூட ஆகாதவள். நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி வைத்தியம் வேண்டாம் என்று போன வாரம் அவளை அனுப்பிவிட்டார்கள். அவளை எப்படி விருந்துக்குக் கூப்பிடுவது? கூப்பிடாமல் எப்படிச் சோறு இறங்கும்?

சனிக்கிழமை நர்மதாவே போன் செய்தாள்.

"அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல விருந்துன்னு பாத்தேன்க்கா. என்னைக் கூப்பிட மாட்டீங்களா?"

"எந்த வாயில கூப்பிடறது சாமி..."

"நான் வரேன்க்கா. பஸ் நம்பர் மட்டும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நர்மதா தன் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன. கெடாக்கறி கொதிக்கிற வாசம், மைக் செட், "கண்டம் தாண்டிட்டே சாமி" என்று வசந்தாமணியின் கன்னத்தைத் தடவும் அத்தைமார்கள். நர்மதா எதிரில் அவளால் தலை நிமிர முடியவில்லை.

"ஆத்துல இறங்கலாமாக்கா?" என்றாள் நர்மதா.

மேட்டூர் அணை திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இருகரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது தண்ணீர். கடைசிப் படியில் இருவரும் கை கோத்து முழங்காலளவில் நின்றார்கள். நர்மதா தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, குனிந்து மொட்டைத்தலையை முக்கி எடுத்தாள்.

"அய்யோ, எவ்ளோ தண்ணி! எங்கிருந்துக்கா வருது இவ்வளவும்?"

இருபது வருசமாக இந்தப் படியில் துணி துவைத்தவள் வசந்தாமணி. அன்றுதான் அவளும் ஆற்றை நின்று பார்த்தாள். அக்கரைத் தென்னைகள் பச்சைக் கோடாகத் தெரிந்தன. அவ்வளவு பெரிய ஆறு சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"என்னை மன்னிச்சிரு சாமி" என்றாள் வசந்தாமணி.

நர்மதாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு? கரண்ட் ரூம்ல நம்மகூட உக்காந்தவங்கள்ல ஒருத்தராவது பொழச்சதைக் கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்."

அவள் முகத்தில் ஏக்கம் துளியும் இல்லை. வசந்தாமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி முன்னால் நிற்பதுபோல் கை தானாகக் குவிந்தது.

கரையேறியதும் இலை போட்டு வசந்தாமணியே பரிமாறினாள். நர்மதாவுக்கு நாலு வாய்க்கு மேல் போகவில்லை. மிச்சத்தை வசந்தாமணி தன் இலைக்கு இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நர்மதா ஏழு வாரம் உயிரோடு இருந்தாள். எல்லா வெள்ளிக்கிழமையும் வசந்தாமணி பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணம் போய் வந்தாள்.