பதிவு எண் 412

டிங்!

காவல் நிலையக் கவுண்டரின் மணி அடித்தது. கார்ப்பரல் ஆர்னல்ட் தலை நிமிரவில்லை. பதினோரு வருடப் பழக்கம். கை தானாகப் பேனாவை எடுத்தது, டைரியில் அடுத்த எண்ணைப் போட்டது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதியது: பகல் 2.20. அதன் பிறகுதான் நிமிர்ந்தான்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

வாசற்படியில் மட்டும் அந்த நாய் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம். இடது காது பாதி இல்லை.

"பதினெட்டாவது நாள்," என்றான் கான்ஸ்டபிள் சகியூசா, டைப்ரைட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுதுங்க கார்ப்பரல். 'மணி அடித்தது. ஆள் இல்லை. நாய் ஒன்று.' நேத்து நான் எழுதினதும் அதேதான்."

"விளையாடறது யாரு?"

"நானும் அதைத்தான் நினைச்சேன். அதான் திங்கட்கிழமை மணியைக் கழற்றி டிராயர்ல வச்சுப் பூட்டினேன்."

ஆர்னல்ட் கவுண்டரைப் பார்த்தான். மணி இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. இந்த வாரம் நேற்று வரை அவன் ரோந்து வண்டியில் இருந்ததால் அது அவனுக்குத் தெரியாது.

"அப்போ இப்போ அடிச்சது?"

"டிராயருக்குள்ள அடிச்சது. மூணு நாளா அப்படித்தான்." சகியூசா சிரிக்க முயன்றான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒருவேளை இந்த நாய்க்கும் கனடா விசா வேணுமோ என்னவோ. நீங்க போறப்போ கூட்டிட்டுப் போயிடுங்க."

ஆர்னல்ட் சிரிக்கவில்லை. காலையிலிருந்து வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நாயின் ரோமத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கரும்புக்காட்டுப் பாதையின் சிவப்புப் புழுதி அதன் முதுகில் அப்படியே படிந்திருந்தது.

கரும்பு வெட்ட வந்த இந்தியர்கள் நிலைத்துவிட்ட ஒரு தீவில், கொரோசாலா சின்ன ஊர். ஒரு சர்க்கரை ஆலை, ஒரு மார்க்கெட், ஒரு காவல் நிலையம். நிலையத்துச் சுவரில் ஒரு நீலப் பலகை. வெள்ளைக்காரர் காலத்து சூப்பரின்டென்டன்ட் ஒருவர் எழுதி மாட்டிய ஏழு கொள்கைகள் அதில் இருந்தன. நேர்மை, மரியாதை என்று எல்லா ஊரிலும் எழுதுவதுதான் பாதி. ஆனால் மூன்று கொள்கைகளை இங்கே உயிராகக் காத்தார்கள். முதல் கொள்கை: மணி அடித்தவர் யாராயினும் முதலில் எண்ணும் நேரமும் பதிவு, பிறகே கேள்வி. மூன்றாவது: எழுதியதை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஐந்தாவது: காணாமல் போனது கிடைத்தால், உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்வரை புகார் மூடப்படாது.

லவுத்தோக்கா கோர்ட்டில் எப்பேர்ப்பட்ட வக்கீல் வாதாடினாலும், "கொரோசாலா டைரியில் என்ன இருக்கிறது?" என்று மாஜிஸ்டிரேட் ஒரு வார்த்தை கேட்டால் போதும், வாதம் அதோடு முடிந்துவிடும். டைரியில் இருந்தால் நடந்தது. இல்லையென்றால் நடக்கவில்லை.

அந்த டைரியில் ஆர்னல்ட் ஒரே ஒரு தடவை பொய் எழுதியிருக்கிறான்.

போன செப்டம்பர். அந்த வருடத்திலேயே இரண்டாவது தடவையாகப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம். கடைகளுக்குப் பாதி ஷட்டர். ரேடியோவில் கட்டளைகள். மணி அடித்தது, ஆர்னல்ட் 412 என்று எண் போட்டு, 2.20 என்று நேரம் எழுதிவிட்டு நிமிர்ந்தான். எதிரே கரும்பு விவசாயி பாலசுப்பிரமணி. விவசாயிகள் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர். சட்டை முதுகெல்லாம் சிவப்புப் புழுதி.

"எழுது தம்பி," என்றார் தமிழில். நிலையத்தில் தமிழ் தெரிந்தவன் ஆர்னல்ட் ஒருவன்தான். "பட்டாளத்துக்காரனுங்க ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டானுங்க. நான் காட்டுல இருந்ததால தப்பிச்சேன். நான் இங்க வந்தேன், உயிரோட வந்தேன்னு எழுதிடு. அது போதும் எனக்கு. உங்க புஸ்தகத்துல ஏறிட்டா யாரும் கை வைக்க மாட்டான்."

அன்று காலைதான் மேலிடத்திலிருந்து போன் வந்திருந்தது. சங்கத்து ஆட்கள் யார் வந்தாலும் பதிவு கூடாது. போனில் வாசித்த பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

ஆனால் எண் போட்டாயிற்று, நேரமும் எழுதியாயிற்று. அழிக்க முடியாது, கிழிக்க முடியாது. அவர் போன பிறகு அந்த வரி ஆர்னல்டை முறைத்துக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் எதையாவது எழுதியாக வேண்டும். எழுதினான்: 'நாய் காணவில்லை. ஆண் நாய், பழுப்பு நிறம், இடது காது பாதி அறுந்தது. புகார்தாரர் பெயர் பிறகு சொல்வதாகச் சென்றார்.'

காது அறுந்ததை ஏன் சேர்த்தான் என்று அவனுக்கே தெரியாது. படிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று சேர்த்தது. அப்படி ஒரு நாயை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பாலசுப்பிரமணியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆறு மாதம் ஓடிவிட்டது. நிலையத்தில் இந்திய வம்சாவளிப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். பட்டாள ஆட்சிக்குப் பயந்து ஆக்லாந்து, சிட்னி என்று ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள். ஆர்னல்டுக்கும் வான்கூவர் விசா கிட்டத்தட்ட கையில். மனைவி டோரிஸ் சமபுலாவில் அக்கா வீட்டில் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் சோஃபியா பனி எப்படியிருக்கும் என்று படம் வரைந்துகொண்டிருந்தாள். பாக்கி ஒன்றே ஒன்று: இலாகாவின் நன்னடத்தைச் சான்றிதழ். தூதரகத்துக்கு அது வரும் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்கு அவன் மனுப் போட்ட மறுநாள்தான் மணி முதன்முதலாகத் தானாக அடித்தது.

"கார்ப்பரல்!" உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் டெவிட்டாவின் குரல். புதிதாக மாற்றலாகி வந்தவர். சர்ச்சில் பைபிள் வாசிப்பது போல டைரியை விரல் வைத்து வாசிக்கிறவர்.

மேஜையில் சான்றிதழ் டைப் செய்து தயாராக இருந்தது. பக்கத்தில் போன வருடத்து டைரி, 412-இல் திறந்தபடி.

"உன் பெயரில் முடிக்காத புகார் எதுவும் இருக்கக் கூடாது. தேடிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது." இன்ஸ்பெக்டர் வாசற்படியைக் கையால் காட்டினார். "அதுவும் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே! பழுப்பு நிறம், இடது காது. பதினெட்டு நாளாக எல்லாரும் இதே நாயை எழுதுகிறீர்கள். ஒருத்தருக்குமா பழைய புகார் ஞாபகம் வரவில்லை?"

"வேற நாயா இருக்கும் சார்."

"ஆளைக் கண்டுபிடி. நாளைக்குக் கையெழுத்து வாங்கி மூடு. நான் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன். சின்ன வேலை."

ஆர்னல்ட் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். நாய் படியில் இல்லை. நிலையத்துக்குள் நுழைந்து, பெஞ்சுகளைத் தாண்டி, பின்வாசல் கதவின் முன்னால் நின்று பிறாண்டிக்கொண்டிருந்தது. கர்... கர்... தினமும் இருபது நிமிடம் இதே வேலை. அதற்குப் பிறகு எப்படிப் போகிறது என்று யாரும் பார்த்ததில்லை. கதவில் ஒரு கீறலும் இருப்பதில்லை.

ஆறு மாதமாக ஆர்னல்ட் அந்தக் கதவைத் திறந்ததில்லை. ஜீப் நிற்கும் பின்கொல்லைக்குப் போக, கட்டிடத்தையே சுற்றிக்கொண்டு போவான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தோறும் ஜான்கி வருவாள். பாலசுப்பிரமணியின் மனைவி. ரராவாய் பக்கம் தம்பி வீட்டிலிருந்து பஸ் பிடித்து, சரியாக இரண்டு மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்வாள். ஒரே கேள்விதான் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு தம்பி. வரவே இல்லையா?"

"டைரியில இல்லக்கா."

"டைரியில இல்லேன்னா வரலதான்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? சொல்லாம கொள்ளாம ஆஸ்திரேலியாவுக்கு ஓடிட்டாராம். அங்க வேற குடும்பமாம். உங்க புஸ்தகத்துலயே இல்லைங்கும்போது நான் யார் வாயை அடைக்கறது? நீயும் கனடா போறியாமே?"

"ஆமாக்கா."

"நல்லா இரு. பிள்ளையைப் படிக்க வை. நான் எங்கயும் போக மாட்டேன். அவரு வந்து கதவைத் தட்டினா வீட்டுல ஆள் வேணுமே."

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் பழைய டைரியோடு இன்ஸ்பெக்டர் வந்தார். ஜான்கியின் காலடியைப் பார்த்து நின்றார்.

நாய் வந்திருந்தது. எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. ஜான்கியின் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

"அட!" இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. இந்தியர்களின் கரும்புக் கிராமத்தில் வளர்ந்தவர். ஹிந்தியில் சரளமாகப் பேசினார். "இது உங்கள் நாயா அம்மா? செப்டம்பரில் வந்து புகார் கொடுத்தது நீங்கள்தானா?"

ஜான்கி குனிந்து பார்த்தாள். "எங்க வீட்டுல நாய் கிடையாதே சாப்."

"உங்களிடம் எப்படி ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது பாருங்கள்! மறந்திருப்பீர்கள். கலவர நேரம், யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" டைரியைக் கவுண்டரில் விரித்து, பேனாவை நீட்டினார். "இங்கே ஒரு கையெழுத்து. நாயைக் கூட்டிப் போங்கள். இந்தக் கார்ப்பரலின் குடும்பமும் கனடா போய்ச் சேரும்."

ஜான்கி பேனாவைப் பார்த்தாள். பிறகு ஆர்னல்டைப் பார்த்தாள். தமிழில் கேட்டாள், மெதுவாக.

"இதுல போட்டா உனக்கு நல்லதா தம்பி?"

ஆர்னல்ட் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஒரு கையெழுத்து. திங்கட்கிழமை சான்றிதழ் தூதரகத்தில். அடுத்த மாதம் விமானம். சோஃபியா வரைந்த பனி.

"பொய்க் கையெழுத்துதான். பரவாயில்லை. ஆறு மாசமா மூஞ்சி சுளிக்காம எனக்குப் பதில் சொன்னவன் நீ ஒருத்தன்தான். நீ சொல்லு, போடறேன்." அவள் பேனாவை வாங்கி, 412-க்கு நேராகக் குனிந்தாள்.

டிங்!

பூட்டிய டிராயருக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். ஜான்கியின் கை நின்றது. கடிகாரத்தில் 2.20. சகியூசா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். இன்ஸ்பெக்டர் டிராயரையே பார்த்தார். அவர் கை, முதல் கொள்கைப்படி, இந்த வருடத்து டைரியைத் தன் பக்கம் இழுத்தது.

நாய் எழுந்தது. பின்வாசல் கதவுக்குப் போயிற்று. இன்று பிறாண்டவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, திரும்பி, ஆர்னல்டைப் பார்த்தது. அடுத்து நடக்கப் போவது தெரியாமல், நம்பிக்கையோடு பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை அவன் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறான், அதே இடத்தில், அதே நேரத்தில்.

ஆர்னல்ட் கவுண்டரைத் தாண்டி நடந்தான். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்தான். கதவு திறந்தது. மழை விட்டிருந்தது. கொல்லை காலியாக இருந்தது. நனைந்த தரையில், வாசலிலிருந்து நடுக்கொல்லை வரை, வெறுங்கால் தடங்கள் ஒரு வரிசை. காய்ந்த சிவப்புப் புழுதியில் பதிந்த தடங்கள். நடுக்கொல்லையில் அவை நின்றுவிட்டன.

திரும்பினான். நாய் இல்லை.

"என்ன கார்ப்பரல் இது?" இன்ஸ்பெக்டர் திறந்த கதவைப் பார்த்தார். "யார் மணி அடித்தது?"

"முதல்ல எழுதுங்க சார். பிறகு கேள்வி."

இன்ஸ்பெக்டர் எண் போட்டார். நேரம் எழுதினார். சான்றிதழ் அவருடைய மேஜையில், மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை படபடக்க, கையெழுத்தில்லாமல் கிடந்தது.

ஆர்னல்ட் தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தான். ஜான்கிக்கு நேராகப் போய் நின்றான். இன்ஸ்பெக்டருக்கும் புரிய வேண்டும் என்று ஹிந்தியில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அவர் வந்தாரு அக்கா, கொல்லையில பட்டாளத்து லாரி நிக்குதுன்னு தெரிஞ்சுதான், 'இந்தப் பக்கமா போயிடுங்க அண்ணே'ன்னு இந்தக் கதவை நான் திறந்துவிட்டேன்."