நம்ம கோணல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் ஊரிலிருந்து 'நாம்' என்ற சொல் காணாமல் போனது. அன்று தக்காளி விலையில் மாற்றமில்லை. பேருந்துகள் வழக்கம்போல் கால் மணி நேரம் தாமதமாக வந்தன. சொல் போனதை முதலில் கண்டுபிடித்தவர்கள் படித்தவர்கள் அல்ல, சும்மா நின்றிருந்தவர்கள். கடைத்தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, சுற்றி நின்ற கூட்டம் வழக்கப்படி 'நமக்கென்ன வந்தது' என்று சொல்லிவிட்டு நகர வாயைத் திறந்தது. வாய் திறந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. அதைச் சொல்லாமல் எப்படி நகர்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆகவே அத்தனை பேரும் அங்கேயே நின்று, கொஞ்ச நேரத்தில் சண்டையிலும் சேர்ந்துகொண்டார்கள். மதியத்துக்குள் 'நம்ம கடை', 'நம்ம பையன்', 'நம்ம ஆளுதான், உள்ளே விடு' எல்லாம் போயிருந்தன. மிஞ்சியது 'நாங்கள்' மட்டும். அதைச் சொன்ன கணமே எதிரே நிற்பவர் வெளியே நிற்பவர் ஆகிவிடுகிறார். 'காலையில் நாங்க சாப்பிட்டதுதான்' என்று மனைவியிடம் சொன்ன கணவர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு மாலை வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆற்றின் இரு கரையும் இரண்டு 'நாங்கள்' ஆயின. சனிக்கிழமை பாலத்தின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு தெரிந்தது. அந்தப் பாலம் இரும்பாலும் கல்லாலும் மட்டுமே நிற்கிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இது மூன்று பேர் கூடிச் செய்த வேலை. துருக்காரன் ஊதினால் இரும்பு பிஸ்கட்டாகிவிடும். மழைக்காரி தும்மினால் மேகம் கூடி ஆறு நிறையும். மூன்றாமவன் வார்த்தைப் பொறுக்கி. ஏதாவது ஒரு வீட்டில் ஒரு சொல் முழுதாகப் பத்து வருடம் பேசப்படாமல் கிடந்தால் அதன் நுனி அவன் கைக்குச் சிக்கும். பிடித்து இழுத்தால் ஊர் முழுக்க அந்தச் சொல் நூல் பிரிவதுபோலப் பிரிந்து வந்துவிடும். எடுத்த சொல்லைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் அடக்கிக்கொள்வான். தனித்தனியாக இவர்கள் மூவரும் முன்பு தோற்றவர்கள். முழு ஊரை மடக்க முடியவில்லை, பாலத்தை உடைத்து அரை அரை ஊராக மடக்குவோம் என்று கூட்டணி வைத்தார்கள். வாரம் தவறாமல் கூடினார்கள். போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. கெட்டவர்கள் இவ்வளவு ஒழுங்காக இருந்தது ஊருக்குப் பெரிய தலைகுனிவு. ஏனென்றால் அவர்களைத் தோற்கடித்த நால்வர் அணி கலைந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அணியின் தலைவர் தையல்காரர். தரையிலிருந்து ஒரு சாண் மேலே நடப்பவர். கோபமோ கூச்சமோ வந்தால் மின்விசிறி வரை போய்விடுவார். அவருடைய தங்கை பள்ளியில் இலக்கணம் நடத்தும் டீச்சர். விழுகிற எதையும் பார்வையாலேயே நிறுத்துவார், கண் சிமிட்டாத வரைக்கும். அவர் மேற்பார்வை பார்த்த தேர்வறையில் ஒரு பென்சில்கூடக் கீழே விழுந்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்கக்கூடியவர். இரண்டு இடத்துக்கும் தாமதமாகத்தான் வருவார். நான்காமவர் பல் டாக்டர். அவர் "ஆ காட்டுங்க" என்று சொன்னால், கேட்டவர் யாராக இருந்தாலும் வாய் திறக்கும். அவர் விடும் வரை மூடாது.

அணி கலைந்த கதை சிறியது. குடிநீர்த் தொட்டி தூண்களோடு சாய்ந்த அன்று, டீச்சர் அதை நாற்பது நிமிடம் இமைக்காமல் பார்த்துத் தாங்கினார். கீழே இருந்த குடும்பங்கள் வெளியேறிய பிறகுதான் கண்ணை மூடினார். மூன்று நாள் கண்ணில் கட்டு. இரண்டாம் நாள் படுத்தபடி, "அண்ணா, தொட்டி என்னாச்சு?" என்று கேட்டார். தையல்காரர் நெற்றியைத் தடவிக்கொடுத்து, "நீ கவலைப்படாதே, நாங்க பார்த்துக்கிட்டோம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தங்கையின் கை நெற்றியிலிருந்து அவர் கையை எடுத்து அப்பால் வைத்தது. "நாங்கன்னா யாரு? அப்ப நான் யாரு?" அந்த இடத்தில் ஒரு மன்னிப்பு போதுமாக இருந்தது. தையல்காரரோ, "உன்னைப் படுக்க வெச்சதுக்கு அப்புறம் நடந்ததைத்தானே சொன்னேன்? இலக்கணப்படி சரிதான்" என்றார். இலக்கண டீச்சரிடம் இலக்கணம் பேசிய ஒரே மனிதர் என்று அவரை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அதன் பிறகு தங்கை மாடியில், அண்ணன் கீழே கடையில். படிக்கட்டுச் சுவரில் துண்டுச்சீட்டு ஒட்டிப் பேசிக்கொண்டார்கள். 'மாடியில் கரண்ட் இல்லை' என்று ஒரு சீட்டு வரும். 'கீழேயும்' என்று பதில் போகும். இப்படிப் பதினோரு வருடம் ஓடியது. அத்தனை சீட்டிலும் 'நாம்' என்று ஒரு முறைகூட எழுதப்படவில்லை. வார்த்தைப் பொறுக்கிக்கு நுனி கிடைத்த வீடு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் கடைக்கு வந்தார். "மாஸ்டர், வெடிப்பு ஒரு கை அகலம் ஆயிடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு ஜிப்பு மாத்திக்கிட்டு இருப்பீங்க?" என்றார். இன்னோர் இடத்தில் இருந்த அவரே அதே நேரத்தில் டாக்டரையும் அழைத்து வந்திருந்தார். டாக்டர் மாடிக்குப் போய், "டீச்சர், நீங்க பேச வேண்டாம். வந்து நின்னா போதும்" என்று கூட்டி வந்து வாசல்படியில் நிறுத்தினார். தையல்காரர் பெட்டியைத் திறந்து பழைய சீருடைகளை எடுத்தார். டாக்டருக்குத் தோளில் பிடித்தது. மெக்கானிக்குக்கு இடுப்பில் நான்கு அங்குலம் போதவில்லை.

"துணி சுருங்கிடுச்சு மாஸ்டர்."

"துணி எங்கடா சுருங்குது? நீ விரிஞ்சிட்ட."

இரண்டையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலைப் பார்த்தபடியே தங்கை நிற்கும் திசையில் ஒரே ஒரு சொல் சொன்னார். "போகலாம்."

எல்லோரும் சேர்ந்து கிளம்புவதற்கும் அதுதான் சொல். இடத்தைக் காலி செய் என்பதற்கும் அதுதான் சொல். எது என்று காட்ட முன்னால் இரண்டெழுத்து வேண்டும். அது இன்னொருவன் வாயில் இருந்தது.

"போகலாம்னா?" என்றார் தங்கை. பதினோரு வருடத்தில் அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் சொல். "நான் மாடிக்குப் போகலாம்னா?"

தையல்காரர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். முகம் சிவந்து மெல்ல மேலே எழுந்தார். "ஃபேன் மாஸ்டர், ஃபேன்!" என்று மெக்கானிக் அலறிக்கொண்டு சுவிட்சுக்கு ஓடினார். மேலே போனவர் அப்படியே பரண் பக்கம் நகர்ந்து, ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கித் தங்கையிடம் நீட்டினார். நான்காவது சீருடை. டீச்சர் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தார். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் அவர் பருத்து, காய்ச்சலில் இளைத்து, விடைத்தாள் மூட்டை சுமந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தார். உடைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்; பிரித்துப் பிரித்துத் தைத்த பதினோரு பழைய தையல் தடங்கள். விடைத்தாள் திருத்துகிறவர் போல நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இடது தோள் இறங்கினது எப்பத் தெரியும்?"

"ஏழாம் வருஷம். நீ படியேறுறப்பப் பார்த்தேன்."

"செருப்பை எங்க வெச்சேன்?" என்று தங்கை வெளியே கிளம்பினார்.

பாலத்தில் இரு கரை மக்களும் ஏறி, அவரவர் பாதியை அளந்துகொண்டிருந்தார்கள். மழைக்காரி நான்காவது தும்மலை முடித்திருந்தாள். ஆற்று வெள்ளம் தூண்களின் கழுத்து வரை ஓடியது. துருக்காரன் கடைசி இரும்பையும் ஊதிவிட்டான். பாலம் நடுவில் பிரிந்து இரு பக்கமும் தொங்கத் தொடங்கியபோது டீச்சர் அதைப் பார்த்தார். பாலம் அப்படியே நின்றது. மெக்கானிக் இரு கரைக்கும் எட்டு நிமிடம் தாமதமாக வந்து, மீன்வலை நூலின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டார். தையல்காரர் கோணி ஊசியோடு பாலத்துக்கு அடியில் மிதந்து தைக்க ஆரம்பித்தார். டாக்டர் கைப்பிடிச் சுவரில் நின்ற மூவரிடமும் போய், சாதாரணமாக, "ஆ காட்டுங்க" என்றார். வாய் திறந்திருந்தால் ஊத முடியாது. தும்மலும் பாதியில் நின்றுவிடும். வார்த்தைப் பொறுக்கியின் கடைவாயிலிருந்து, எலுமிச்சை விதை அளவில் ஏதோ ஒன்று உதிர்ந்து ஆற்றை நோக்கி விழுந்தது.

டீச்சர் அதை ஓரக்கண்ணில் பார்த்தார். விழுகிற பொருள், பார்வையை ஒரு விரல்கடை திருப்பினால் நின்றுவிடும். திருப்பினால் பாலம் விழும். பாலத்துக்கு அடியில் அண்ணன் இருந்தார். டீச்சர் திருப்பவில்லை. சொல் தண்ணீரில் விழுந்து கரைந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தையல்காரர் கடைசி முடிச்சைப் போட்டார். தங்கை கண்ணை மூடினார். டாக்டர் வாய்களை விட்டதும் வார்த்தைப் பொறுக்கி, "நாங்க தோத்துட்டோம்" என்றான். கூட்டாளிகள் இருவரும், "அப்ப நாங்க யாரு?" என்று கேட்டார்கள். கூட்டணி அந்த இடத்திலேயே கலைந்தது. தீர்மானமாக எழுதிவைக்கக்கூட ஆளில்லை.

எங்கள் ஊருக்குக் குடிநீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தையல்காரர் ஒரு டம்ளர் பிடித்துப் பாதியைக் குடித்தார். மீதியை எடுத்துக்கொண்டு, மிதந்தே போகக்கூடியவர், ஒவ்வொரு படியிலும் கால் வைத்து மாடிக்கு ஏறினார். தங்கை கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

"அண்ணா, பாலம் என்னாச்சு?"

"நீ கவலைப்படாதே," என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். தொண்டையில் அந்தத் தண்ணீரின் ஈரம் இன்னும் இருந்தது. பயந்து பயந்துதான் சொன்னார். "நாம பார்த்துக்கிட்டோம்."

தங்கை கையை நீட்டி டம்ளரை வாங்கி, மெதுவாகக் குடித்து முடித்தார். "தையல் நேரா வந்துச்சா?"

"நடுவுல ஒரு இடம் கோணல். உன் கண்ணு கொஞ்சம் ஆடிடுச்சு."

"என் கண்ணா? உன் ஊசி."

"சரி விடு. நம்ம கோணல்."

கீழே தெருவில் யாரோ இருவர் சண்டை போட, மூன்றாவது ஆள் 'நமக்கென்ன வந்தது' என்று சொல்லிக்கொண்டே நடந்துபோனது ஜன்னல் வழியே கேட்டது. டீச்சர் சிரித்ததில் கட்டு நனைந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை பொதுப்பணித் துறை பாலத்துக்கு நூல் மாற்றுகிறது. முடிச்சு போட மட்டும் தையல்காரரை அழைக்கிறார்கள். கோணலை யாரும் சரிசெய்யவில்லை. அதன்மேல் ஏறும்போது பேருந்து ஒரு தடவை குலுங்கும். புதிதாக வந்தவர் என்னவென்று கேட்டால், ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே, ஒன்றுமில்லை, தையல்தான், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார். நம் ஊர்ப் பாலம் அப்படித்தான்.