வெள்ளிக்கிழமைக் கிறிஸ்துமஸ்

சேசுநாதர் பிறந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்த தேதியில்தான் குறை. மாதத்தின் முதல் வாரத்தில் பிறந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? இருபத்தைந்தாம் தேதி எந்தச் சம்பளக்காரன் கையில் காசு இருக்கிறது? நான் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடும் அமிர்தசாமி. முதலாளி போனஸைத் தீபாவளிக்கே கொடுத்துவிடுவார். அது டிசம்பர் வரை தங்க வேண்டுமானால் நான் துறவியாக இருக்க வேண்டும்.

1959-ல் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னிடம் ஆறு ரூபாய் இருந்தது. அந்த ஆறு ரூபாயில் பதினோரு பேருக்கு விருந்து என்று என் மனைவி செல்வமேரி முடிவு செய்திருந்தாள். பொன்மலையிலிருந்து அவள் அக்கா லூர்துராணி, அக்கா புருஷன் செபஸ்தியான், அவர்களுடைய ஏழு பிள்ளைகள், பிறகு நாங்கள் இருவர்.

கல்யாணமாகி ஏழு வருஷமும் கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்களுக்கு அக்கா வீட்டில்தான். கறியும் சோறுமாகப் போடுவார்கள். திரும்பும்போது மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுப்பார்கள். பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு செல்வமேரி ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்த வருஷம் வாய் திறந்துவிட்டாள்.

"ஒரு தடவையாவது அக்கா என் வீட்டு இலையில உக்காந்து சாப்பிடணும். அது நடக்கலைன்னா இனிமே பொன்மலைக்கு நான் வரமாட்டேங்க."

அழைப்பும் போய்விட்டது. கறி வாங்க வழியில்லை. கடன் கேட்கவும் ஆளில்லை, தெரு முழுக்க என்னைப்போல மாசக்கடைசி ஆட்கள். தலையைச் சொறிந்துகொண்டு காலண்டரைப் பார்த்தேன். இருபத்தைந்து வெள்ளிக்கிழமை!

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், மாமிசம் தொடக்கூடாது. பெரிய திருநாள் அந்தக் கிழமையில் வந்தால் விலக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லையே.

"செல்வம், இந்தத் தடவை திருநாள் வெள்ளிக்கிழமைல வருது பாத்தியா? கறி தின்னா பாவமாச்சே!"

அவள் கண நேரம் என்னையே பார்த்தாள். "ஆமாங்க, பாவந்தான். சாம்பார் வச்சிருவோம்" என்றாள். இப்படி ஒரு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் குழாயடியில் அவள் இதைச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் தெருவே பக்தியில் மூழ்கிவிட்டது. அதுவரை கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்கூட, "நான் கறி தின்னு நரகத்துக்குப் போகணுமா?" என்று பெண்டாட்டியிடம் கத்தினான். சந்தேகப்பட்ட இரண்டு பேர் உபதேசியார் அற்புதசாமியிடம் போனார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அவருக்கு ஆறு பெண்கள். கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"சந்தேகம் வந்துட்டா வாயக் கட்டி ஒறுத்தல் செய்றதுதான் உத்தமம்" என்றார்.

பங்குச்சாமியாரை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே!

திருநாள் அன்று தெருவில் பெருங்காய மணம் தூக்கியது. பூசைக்குப் போய்வந்தவர்கள் ஒருவருக்கொருவர், "உங்க வீட்லயும் சாம்பாரா?" என்று கைகுலுக்கினார்கள். செல்வமேரி முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம் என்று ஆறு ரூபாயை ரப்பர் மாதிரி இழுத்திருந்தாள். ஒன்பது பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இலையைப் பார்த்ததும் செபஸ்தியான் முகம் தொங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை சகலை" என்றேன்.

"எனக்கு இது தோணவே இல்லையே" என்று சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா இலையில் தண்ணீர் தெளித்தாள்.

பாதிச் சாப்பாட்டில் தெருவில் சத்தம். கறிக்கடை சேக் மைதீன் பாய் ஒரு காகிதத்தை உயரப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பிரசங்கம் செய்துவந்தார். வருஷா வருஷம்போல நான்கு ஆடு அறுத்திருக்கிறார். பதினோரு மணிவரை கடைக்கு வந்தது ஒரு நாய் மட்டும்தான். விசாரித்து, நேரே பங்குச்சாமியாரிடம் போய் எழுதி வாங்கிவந்துவிட்டார்.

"திருநாளு வெள்ளிக்கிழமைல வந்தா கறி திங்கலாம்! உங்க சாமியாரு கையெழுத்து இருக்கு! அல்லா மேல ஆணையா உங்க சபையில அப்படித்தான் சட்டம்!"

"எங்க வேதத்த நீங்க சொல்லித் தரீங்களா பாய்? ஞாயமா இது?" என்று அற்புதசாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

பாய் எங்கள் வாசலுக்கு வந்தார். "தம்பி, இந்தப் புரளியக் கெளப்பினது நீங்கதான்னு குழாயடியில சொல்றாங்க. படிச்சுப் பாருங்க."

நான் கையை நீட்டுவதற்குள் செபஸ்தியான் எச்சில் கையோடு எட்டிப்பார்த்து உரக்கப் படித்தார். 'கிறிஸ்துமஸ் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் சுத்தபோசனம் இல்லை. மாமிசம் உண்ணலாம்.' கீழே கையெழுத்து, கோயில் முத்திரை.

"அப்ப நான் எதுக்கு முருங்கைக்காய மென்னுக்கிட்டு இருக்கேன்?" என்று அவர் கேட்டார். ஏழு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். செல்வமேரியின் ஏழு வருஷத்து ஆசையை நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு என் மேலதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"ஏன் தெரியாது?" என்றாள் அக்கா, சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "ஞானோபதேசத்துல முதல் பரிசு வாங்கினவளே இவதான். நான் ரெண்டாவது."

அதாவது, இரண்டு பேருக்குமே முதலிலிருந்து தெரியும்! நான் செல்வமேரியைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள்.

"தெரியும்னு சொன்னா நீங்க கறிக்கு எங்க போவீங்க?" என்றாள். "விருந்தே வேண்டாம்னு ஆயிருக்கும்."

செபஸ்தியான் பாயிடம் திரும்பினார். "ஒரு தொடை எடுத்துட்டு வாங்க பாய், இங்கேயே ஆக்கிருவோம்."

"அத்தான்," என்றாள் செல்வமேரி, "தொடைய வாங்கி ராத்திரிக்கு உங்க வீட்ல ஆக்குங்க. இது என் வீட்டு விருந்து. இன்னிக்கு இங்க சாம்பார்தான்."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. செபஸ்தியான் மறுபடி முருங்கைக்காயை எடுத்தார். பாய்க்கும் ஒரு இலை போட்டோம். காலையிலிருந்து அலைந்தவர், பசியில் முதல் சோற்றை இரண்டு கவளமாக முடித்துவிட்டார்.

லூர்துராணி இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏழு வருசமா என் வீட்ல சாப்பிட்டியே, ஒரு நாளாவது இன்னும் கொஞ்சம் போடுன்னு வாயத் தொறந்து கேட்டியாடி? வேத்தாள் மாதிரியே உக்காந்திருப்ப. நான் கேக்குறேன் பாரு. சோறு போடு."

செல்வமேரி ஓடிப்போய்ப் பானையைத் தூக்கிவந்தாள். பாய் உட்கார்ந்ததில் கணக்கு தவறி, அதில் மிஞ்சியிருந்தது என் பங்கு மட்டும். பரிமாறிக்கொண்டிருந்த நான் இன்னும் சாப்பிடவில்லை, எனக்கோ நல்ல பசி. ஒரு பருக்கை விடாமல் சுரண்டி அக்காவின் இலையில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கவாக்கா?" என்று காலிப் பானையோடு நின்றாள்.