மூன்று தொட்டிக்கு ஒரு மூட்டை

“அம்மா, செடிக்கு வாய் எங்க இருக்கு?” என்று மகள் சின்ன வயதில் கேட்டாள். இப்போது அவள் தொலைதூரத்தில் இருக்கிறாள். ஓய்வுபெற்ற நர்ஸான அம்மாவுக்குப் பேச்சுத்துணை மூன்று தக்காளிச் செடிகள்தாம். அவையும் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன.

உரக்கடைக்காரரிடம் யூரியா கேட்டாள்.

“வேணாங்க்கா, இலைதான் தழைக்கும், காய் பிடிக்காது. மண்புழு உரம் போடுங்க.”

“மூணு தொட்டிக்கு இம்மாம்பெரிய மூட்டையா?”

“சின்னது இல்லக்கா. மிச்சத்த நீங்க சாப்பிட்டுடாதீங்க!”

பூ உதிரத் தொடங்கிய நான்கு நாளில் முதன்முறையாகச் சிரித்தாள்.

போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, எதிர்வீட்டு டிரைவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதை ஜன்னல் வழியே பார்த்திருந்தாள். நன்றி சொல்லத்தான் கூச்சம். இன்று அவர் வெளியூரில். அவர் வாசலில் இரண்டு செடிகள் வாடி நின்றன. தன் தொட்டிகளுக்குப் போட்டது போக மிச்ச உரத்தை அவற்றுக்கு இட்டாள். தண்ணீர் ஊற்றினாள். கடவுளுக்குத் தெரிந்தால் போதுமென்று, சிந்திய மண்ணையும் துடைத்துவிட்டு வந்தாள்.