தண்ணீர் மேல் ஏடு

மூன்றாவது முறையாகத் தண்ணீர் மாற்றியும் மறுபடி ஏடு கட்டியிருந்தது. அப்துல் கனி குனிந்து, தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். ஆறின பாலின் மேல் படிவது போல மெல்லிய ஒன்று. டியூப் லைட் வெளிச்சம் அதன் மேல் ஊதாவும் பச்சையுமாக நெளிந்தது. அதற்கு அடியில் மூன்று மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஐந்தாக இருந்தவை. போன வாரம் ஒன்றும் இந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றும் மல்லாந்து மிதந்தன. இரண்டையும் காகிதத்தில் மடித்துக் கொல்லை முருங்கைக்கு அடியில் புதைத்துவிட்டார். மனைவி தாஜ் நிஷா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

தொட்டி மகள் ஜெஸிமாவுடையது. மாப்பிள்ளை வீட்டார் வர அவர் நாள் குறித்திருந்த வாரத்தில்தான், அவளுக்குக் கோயம்புத்தூரில் லேப் வேலை கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று வில்லியனூர் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட அவர் போகவில்லை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே எண்ணெய்க் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். மாலை வீடு திரும்பியபோது தொட்டிக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'தினம் ஒரு சிட்டிகை. அத்தாதான் போடணும்.'

நான்கு மாதமாக அவள் அம்மாவிடம்தான் பேசுகிறாள். போனை வைக்கும் முன், "மீனு எப்படி இருக்குன்னு அத்தாவ கேளும்மா" என்பாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து இவர், "இருக்கு" என்பார். தகப்பனுக்கும் மகளுக்கும் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான். மீன் இல்லாமல் போனால் அதுவும் இல்லை. கடையில் புனலைப் பிடித்திருக்கும்போதுகூட அந்த நினைப்பு வந்து, எண்ணெய் பாட்டிலைத் தாண்டி வழிந்தது.

மீன் கடை சார்லஸ் வழி சொல்லியிருந்தான். "அந்த ஏடு காத்த உள்ள உடாது பாய். பேப்பர மேல போட்டு இழுங்க, ஒட்டிக்கினு வந்துடும். அப்புறம் காத்து மோட்டார மேலாக்கா வைங்க. தண்ணி அலம்பிக்கினே இருந்தா கட்டாது."

"நீ பொரிக்கிற எண்ணெ ஆவிதான் வந்து படியுது" என்றார் மனைவியிடம்.

"ஆமா. அடுப்பாங்கரையில அப்பளம் பொரிச்சா, ஆவி அட்ரஸ் கேட்டுக்கினு நேரா உங்க தொட்டிக்குத்தான் வரும்."

செய்தித்தாளைத் தொட்டி அளவுக்குக் கிழித்து, தண்ணீரின் மேல் அலுங்காமல் விரித்தார். நனைந்ததும் ஓரமாக இழுத்து எடுத்தார். நான்கு தாள்களில் தண்ணீர் தெளிந்தது. தாள்களைக் கொல்லை வெயிலில் போட்டுவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவில்லை. மோட்டாரை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். தொழுதுவிட்டு வந்தார். மறுபடி கொல்லைக்குப் போனார்.

தாள்கள் காய்ந்திருந்தன. ஆனால் திட்டுத்திட்டாகச் சில இடங்கள் மட்டும் காயாமல், பின்பக்கத்து எழுத்து தெரியும்படி கண்ணாடியாகி இருந்தன. ஒரு தாளை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இருபத்தேழு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய் பார்க்கும் மூக்கு. அப்பளம் பொரித்துக் காறிய வாடை இல்லை. சூடு காணாத கடலையெண்ணெய், பச்சை மல்லாட்டெண்ணெய். அவர் கடைச் சரக்கு.

தாளைப் பிடித்தபடியே நின்றார். சிட்டிகைத் தீனியைத் தூவிவிட்டு அவர் விலகி வந்ததில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்பார். ஐந்தும் வந்து மொய்த்துக் கடிக்கும். வலிக்காத கடி. அதற்காகவே கடையைச் சீக்கிரம் சாத்தினார். எவருக்கும் சொன்னதில்லை.

சீயக்காய்த் தூள் போட்டு மூன்று தடவை கை அலம்பினார். முகர்ந்தார். மறுபடி அலம்பினார்.

"இன்னாங்க, கைய தோல உரிச்சுடப் போறீங்களா" என்றபடி தாஜ் நிஷா போனை நீட்டினாள். "ஜெஸிமா. வீடியோல கூப்புடுறா, மீன காட்டணுமாம். எத்தினி இருக்குன்னு நீங்களே எண்ணி காட்டுங்க."

மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். திரையில் மகள். கழுத்து எலும்பு தெரிந்தது.

"அத்தா" என்றாள்.

போனைத் தொட்டி பக்கம் திருப்பப் போனவர் திருப்பவில்லை.

"மூணுதாம்மா இருக்கு" என்றார். "ரெண்டு போயிடுச்சி. என் கையாலதான்."

திரையில் படம் அசையாமல் நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று கட்டை விரலால் திரையைத் தொட்டார். படம் அசைந்தது. விரல் பட்ட இடத்தில், அவள் முகத்தின் மேல், ஊதாவும் பச்சையுமாக ஒரு தடம் படிந்தது. லுங்கி முனையால் துடைத்தார். அது இன்னும் அகலமாகப் பரவியது. அதற்கு அடியில் ஜெஸிமா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.